அடுப்பெரியாத மேடு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குத்தாலம் வட்டாரத்தில் எல்லோரும் ஒரே சாதி, நனைந்த சாதி. மழை விட்டதும் அவரவர் தெருவுக்கு அவரவர் போய்விடுவார்கள். மழை விடாத அப்படியொரு காலையில் மாயவரத்தில் தமிழ் வாத்தியார் புலவர் இராஜாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் அவன் அக்கா காளியம்மாள் வந்து நின்றாள். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்திருந்தாள். கெண்டைக்கால் வரைக்கும் சேறு.

தாளடி நடவு மும்முரமாக நடக்கிற நேரம். இந்த நேரத்தில் நடவாள் ஒருத்தி வயலை விட்டுவிட்டு டவுனுக்கு வருகிறாள் என்றால் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும்.

"என்னக்கா? மாமாவுக்கு ஏதும்...?"

"ஒங்க மாமனுக்கு என்னடா, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. எழவு வேற எடத்துல விழுந்துருக்கு. நீ எழுதுன கதையில."

"உள்ள வாக்கா மொதல்ல."

"சேத்துக்காலு. அம்சவல்லி இப்பதான் தொடச்சிருக்கா. இஞ்சயே நிக்கிறேன்."

இராஜாங்கத்தின் மனைவி அம்சவல்லி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "வாங்க அண்ணி" என்றாள். "நில்லுங்க" என்று சொல்லவில்லை, "ஒக்காருங்க" என்றும் சொல்லவில்லை. காளியம்மாள் தூணோரம் நின்றபடியே காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள்.

"வெள்ளிக்கெழம தாசில்தார் வர்றாராம். மேட்டப் பாக்க. பட்டா நமக்கா, பண்ண நட்ட கல்லுக்கான்னு அன்னிக்கே முடிவு பண்ணிடுவாராம். தலையாரி வந்து சொல்லிட்டுப் போறான்."

மேடு என்றால் நெய்விளக்குடியில் ஒரே மேடுதான். ஊத்தரப்பட்டி மேடு. சுற்றிலும் பண்ணை வயல். வெள்ளம் வந்து ஊரே மிதந்தாலும் அந்த மேட்டில் மட்டும் அடுப்புப் பற்றவைக்கலாம். பண்ணையாட்களின் குடிசைகள் தலைமுறை தலைமுறையாக அதன்மேல்தான். காளியம்மாளும் இராஜாங்கமும் பிறந்தது அங்கே. தாய் தகப்பன் போன பிறகு அக்கா நாற்றுமுடி சுமந்து தம்பியை விடுதியில் போட்டுப் படிக்கவைத்ததும் அங்கிருந்துதான்.

எந்தக் காலத்திலும் அந்த மண் தங்களுக்குச் சொந்தமாகும் என்று அவர்கள் நினைத்ததில்லை. ஆட்சி மாறி, பண்ணையாள் எந்த மனையில் குடியிருக்கிறானோ அது அவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டது. காளியம்மாளின் புருஷன் வைரக்கண்ணு செங்கொடிச் சங்கத்து ஆள். அவன்தான் ஓடியாடி எல்லோருக்கும் மனு எழுதிப் போட்டான். பட்டா வர வேண்டியதுதான் பாக்கி.

பண்ணை வைத்தியலிங்கம் சும்மா இருப்பாரா? பரம்பரையாகக் கதர் கட்டியவர், ஆட்சி மாறிய மறு வருஷமே கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறினார். வேட்டிதான் மாறியது, இடுப்பு அதேதான். சட்டத்தை எப்படிச் சுற்றிப் போகலாம் என்று வக்கீல் வக்கீலாக அலைந்தார். வக்கீல்களுக்குத் தோன்றாத வழியை இராஜாங்கம் காட்டிக் கொடுத்தான். அதுவும் தெரியாமல் கொடுத்தான், அச்சடித்துக் கொடுத்தான்.

மேட்டு ஜனங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற கதை ஒன்று உண்டு. எந்தக் காலமோ, ஆற்றங்கரை உடைத்துக்கொண்டது. மூங்கில் தட்டி, வைக்கோல், மண்மூட்டை என்று எதைப் போட்டாலும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. "இந்த ஒடப்பு ஒரு உயிரக் கேக்குது" என்றான் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரன். மண் வெட்டிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டி என்பவனைப் பிடித்து உடைப்பில் தள்ளி, மேலே மண்ணைக் கொட்டினார்கள். கரை நின்றது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பண்ணை வாசலில் போய் விழுந்து புரண்டாள். அந்த மேட்டைக் காட்டி, "இருந்துக்க, ஒன்னிய யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார்கள். உதிரத்துக்குக் கிடைத்த இடம். அதனால் ஊத்தரப்பட்டி.

காளியம்மாள் இதை நடவு வயலில் நாற்றுக்கட்டை அவிழ்த்தபடி எத்தனையோ முறை தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். கல்லூரியில் படிக்கையில்தான் இராஜாங்கத்துக்கு ஒன்று தெரிந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'உதிரப்பட்டி' என்று ஒரு சொல் உண்டு. போரில் செத்தவன் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம். அன்றைக்கு அவனுக்குத் தூக்கமே வரவில்லை. தன் சேரி மேட்டின் பெயர் கல்லில் வெட்டின பெயர்! அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதவே ஆரம்பித்தான். அரிசிலாறன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டான். ஒரு வார இதழ் அவன் சரித்திரத் தொடரை வாங்கிக்கொண்டது. "நாயகன் மட்டும் கம்பீரமா இருக்கட்டும்" என்றார் ஆசிரியர். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் இராஜாங்கமே செய்தான். மண்ணாங்கட்டி என்ற பெயரில் ஒரு சரித்திர நாயகனா? சிரிக்க மாட்டார்களா? மண்ணாங்கட்டி போய் வயிரமேகன் வந்தான். நெய்விளக்குடிச் சிற்றரசன் மகன். உடைப்பைக் கண்டான், தாயை வணங்கினான், குதிரையோடு தானே பாய்ந்தான்.

கடைசி அத்தியாயத்தில் கை இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது. 'அம்மாவீரன் நினைவாக நடுகல் நின்ற மேட்டில் அவனுக்கேற்றும் விளக்கன்றி வேறு நெருப்பு எரியலாகாது, எவரும் அங்கே அடுப்பு மூட்டலாகாது என்று மன்னன் ஆணையிட்டான்' என்று எழுதினான். அந்த வரிக்குத்தான் வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த வரிதான் வைத்தியலிங்கத்தின் கண்ணிலும் பட்டது. வயிரமேகன் எங்கள் மூதாதை என்றார். பேரனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். மேட்டின் ஓரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கல்லை நட்டு, கட்சிக்காரர்களை அழைத்துவந்து மாலை போட்டார். தமிழன் வீரம் என்று ஒலிபெருக்கியில் பேசினார்கள். இது வீரன் கோயில் இடம், குடியிருப்பு மனையே அல்ல, இந்த ஆட்கள் ஒரு வெள்ளத்தில் ஒண்ட வந்தவர்கள் என்று மனுவும் போட்டார். மேட்டுக்குப் பதிலாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டுக் கொல்லையைத் தருகிறேன் என்றார். மார்கழி வரைக்கும் அங்கே முழங்கால் தண்ணீர் வற்றாது.

"கத மொத வாரம் வந்தப்ப டீக்கடையில சத்தம் போட்டுப் படிச்சாங்கடா" என்றாள் காளியம்மாள். "நம்ம மேட்டுப் பேரு பொஸ்தகத்துல வந்துருக்குன்னு எல்லாருக்கும் வெத்தல பாக்கு வாங்கிக் குடுத்தேன். போவப்போவத்தான் ஒன்னும் புரியல. அந்த வயிரமேகன் யாருடா?"

"அது... நம்ம மண்ணாங்கட்டித் தாத்தாதான்க்கா."

"அவருக்கு ஏதுடா குதிர?"

இராஜாங்கம் பொத்தானைப் போட்டு முடித்தான்.

"நான் வையிறதுக்கு வரல. வெள்ளிக்கெழம வந்து, அது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லு. எழுதுனவனே சொல்லிட்டா தாசில்தார் என்ன பண்ணுவாரு? வருவியா?"

"வர்றேன்க்கா. என்ன இப்படிக் கேக்குற? கண்டிப்பா வர்றேன்."

"ஏன் கேக்குறேன்னா, பொங்கலுக்கும் வர்றேன்னுதான் சொன்ன."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானமே இராஜாங்கம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனான். குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தான். வயலில் பெண்கள் வரிசை கட்டிக் குனிந்திருந்தார்கள். தூறலில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. "புலவரே, நடவுக்கு வந்தீங்களா? ஒரு முடி நாத்து தரட்டுமா?" என்று ஒருத்தி கேலி பண்ணினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. கோபமாக இருந்தால் கேலி பண்ண மாட்டார்களே.

காளியம்மாள் கரையேறி வந்து வயல் நண்டை உடைத்து, மிளகை அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள். குடிசையெல்லாம் அந்த வாசனை. வைரக்கண்ணு கூரையில் ஒழுகுகிற இடத்துக்கு நேரே சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு மைத்துனன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேடப் பேச்செல்லாம் வேணாம் மாப்ள. 'நான் எழுதுனது பொய்.' அவ்வளவுதான். சொல்லிட்டு ஒக்காந்துரு."

"பொய்யின்னு சொல்லக் கூடாது மாமா. கற்பனைன்னு சொல்லணும்."

"ரெண்டும் ஒன்னுதானே?"

"இல்ல மாமா. பொய்யின்னா ஏமாத்தறதுக்குச் சொல்றது. கற்பனைன்னா..." இராஜாங்கம் குழம்பை விரலால் வழித்தபடி யோசித்தான். "அது ஒரு கலை. யாரையும் கெடுக்காது."

"யாரையும் கெடுக்காதா? எங்க குடிசையப் புடுங்கப் போறது கலையா, நல்லாருக்கே! அப்ப நாங்க பொய்யால நாசமாப் போவல, கற்பனையால நாசமாப் போறோம். ஏ காளியம்மா, கேட்டுக்கிட்டியா? சுடுகாட்டுக் கொல்லைக்குப் போறப்ப மறக்காம இப்படிச் சொல்லணும்."

"சோறு திங்கற நேரத்துல ஏன் அவனப் புடுங்குறீங்க?" என்றாள் காளியம்மாள். பிறகு தம்பியிடம், "எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு. நான் ஒனக்குச் சொன்னது மண்ணாங்கட்டி கத. நம்மாளுதான் செத்தான். அத அப்படியே எழுதுனா என்னடா கொறஞ்சு போயிருக்கும்?"

"யாரும் போட மாட்டாங்கக்கா."

"எழுதிக் கேட்டியா? மாட்டேன்னாங்களா?"

இராஜாங்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நண்டின் காலைக் கடித்தான். கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. மாயவரம் பள்ளிக்கூடத்தில் அவன் எந்தத் தெருக்காரன் என்று வெளிப்படையாக யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே இத்தனை வருஷம் ஓடிப்போயிற்று. மண்ணாங்கட்டியை எழுதினால் கேட்பார்கள். வயிரமேகனை எழுதினால் கேட்க மாட்டார்கள். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

"சரி, விடு" என்றாள் அவள். "நாளைக்குச் சொல்லிடுவல்ல?"

"சொல்லிடுவேன்க்கா. பொய்யின்னே சொல்றேன். போதுமா?"

"அது போதுண்டா, என் சாமி" என்று இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வைத்தியலிங்கம் நட்ட கல்லுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். மேட்டு ஜனங்களுக்குத் தானே முதலில் வணக்கம் சொன்னார். அவருக்கும் வைத்தியலிங்கத்துக்கும் நாற்காலி போட்டிருந்தது. ஜனங்கள் ஈரத்தரையில் குந்தியிருந்தார்கள். இராஜாங்கம் வைரக்கண்ணுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எழுத்தாளர் வந்திருக்காராமே, யாரு?"

"நான்தாங்க."

"நீங்கதான் அரிசிலாறனா!" தாசில்தார் எழுந்தே விட்டார். "எங்க வீட்டுல வாரா வாரம் அடிதடிங்க, யாரு மொதல்ல படிக்கிறதுன்னு. அந்தக் கடைசி அத்தியாயம் படிச்சிட்டு என் வீட்டுக்காரி அழுதே போயிட்டா. ஏங்க நிக்கிறீங்க? யாருப்பா அங்க, சாருக்கு ஒரு நாற்காலி கொண்டா."

பண்ணை வீட்டிலிருந்து பிரம்பு நாற்காலி வந்தது. இராஜாங்கம் தயங்கினான். வைத்தியலிங்கம் அவனைப் பார்த்துச் சிரித்து, "ஒக்காருங்க புலவரே" என்றார்.

அந்த 'ங்க'வை அந்த வாய் மேட்டு ஆள் ஒருவனுக்கும் கொடுத்ததில்லை. இராஜாங்கத்தின் அப்பா நரைத்த தலையோடு அவர்முன் நின்று "வாடா போடா" கேட்டவர். இராஜாங்கம் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தரையில் இருந்தவர்கள் அவன் பார்வைக்கு இன்னும் கீழே போய்விட்டார்கள்.

"சொல்லுங்க. வயிரமேகன் விழுந்தது இந்த எடந்தானா?"

"அது... கற்பனைங்க."

தாசில்தார் சிரித்தார். "அடக்கமாப் பேசுறீங்க. கற்பனைக்கும் ஒரு வித்து வேணுமில்ல? உதிரப்பட்டிங்கிற பேரு கற்பனையா?"

"இல்லீங்க. அது உண்மையான பேருதான்."

"கல்வெட்டுல அதுக்கு என்ன அர்த்தம்?"

"போருல செத்தவங்க குடும்பத்துக்குக் குடுத்த நெலம்."

"ஆகா. அப்ப செத்தவன் வீரன். சரி, அடுப்பு மூட்டக் கூடாதுங்கிற ஆணை? அதுக்கு ஆதாரம் இருக்கா?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில்தான் இருந்தது. பொய்யன் என்று இந்த மனுஷர் வீட்டில் போய்ச் சொன்னால் அந்த அம்மா என்ன நினைப்பாள் என்று, முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளைக்காக இராஜாங்கம் ஒரு கணம் யோசித்தான்.

"அப்படி ஒரு மரபு... இருந்திருக்கலாம்னுங்க..."

"பொய்யின்னு சொல்லு மாப்ள!" என்று தரையிலிருந்து வைரக்கண்ணு கத்தினான். "நேத்து என்ன சொன்ன? பொய்யின்னு சொல்லு!"

"யாருய்யா அது? எழுத்தாளரப் பொய்யன்னு சொல்ற? ஒக்காரு." தாசில்தாருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இராஜாங்கம் பக்கம் திரும்பினார். "தொடர் ஆரம்பத்துல 'என் தமக்கை வாயால் கேட்டது'ன்னு போட்டிருந்தீங்களே. அவங்க இஞ்ச இருக்காங்களா?"

காளியம்மாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, நீ சொன்ன கதையத்தான் தம்பி எழுதியிருக்காரா? இல்ல, நீ ஒன்னு சொல்லி அவரு ஒன்னு எழுதிட்டாரா? பயப்படாமச் சொல்லு. நீ வேற மாதிரி சொன்னேன்னா, அவரு நாடறியப் பொய் எழுதிட்டாருன்னு நான் குறிச்சுக்க வேண்டி வரும். யோசிச்சுச் சொல்லு."

மேட்டு ஜனங்கள் அவள் வாயையே பார்த்தார்கள். வைரக்கண்ணு குந்தியிருந்தவன் எழுந்துவிட்டான். அவள் இப்போது தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். வேட்டி மடிப்புக் கலையாமல், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பான் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"நான் சொன்னதத்தாங்க எழுதியிருக்கு" என்றாள்.

அதோடு விசாரணை முடிந்தது. ஜீப் பண்ணை வீட்டுக்குப் போயிற்று. தாசில்தாருக்கு அங்கேதான் சாப்பாடு. ஜனங்கள் காளியம்மாளைச் சுற்றிக்கொண்டு அவரவர் குடிசைக்குப் போனார்கள். வைரக்கண்ணு மட்டும் அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பப் போனவன், பக்கத்தில் துப்பிவிட்டு வரப்பில் இறங்கிப் போனான்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? எந் தம்பி பொய்யன்னு என் வாயால, அத்தன பேருக்கு முன்னால சொல்லணுமா? அத நீயே சொல்லிக்குவேன்னு நெனச்சேண்டா." அவள் குரல் உயரவில்லை. "ஒன்ன ஆளாக்குறதுக்கு நான் குனிஞ்ச குனிவு எனக்குத்தான் தெரியும். நாற்காலியிலேருந்து ஒன்னத் தள்ளிவிட எனக்குக் கை வரல."

இராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டினான். "இப்பப் போய்ச் சொல்றேன்க்கா. தாசில்தார் இன்னும் போவல. அவரு கால்ல விழுந்தாவது சொல்றேன்."

"போ. சொல்றதுன்னா இப்பவே போய்ச் சொல்லு."

கிட்டத்தட்ட ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டே ஓடினான். பொய் ஐயா, பொய், அத்தனையும் பொய், செத்தது எங்காளு, பேரு மண்ணாங்கட்டி என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

பண்ணை வீட்டு வாசலில் வைத்தியலிங்கமே நின்றிருந்தார். "வாங்க புலவரே, வாங்க. ஒங்களத்தான் தேடிக்கிட்டிருக்கோம். கால அலம்பிக்கிட்டு உள்ள வாங்க." செம்பில் தண்ணீரும் அவரே எடுத்து நீட்டினார். இராஜாங்கம் சின்னப்பிள்ளையில் வைக்கோல் சுமந்து அந்த வீட்டின் கொல்லைப் படல் வரைக்கும்தான் வந்திருக்கிறான். கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. தலைவாழை இலை வரிசையாகப் போட்டிருந்தது. தாசில்தாருக்குப் பக்கத்து இலை அவனுக்கு.

பருப்பு போட்டார்கள், நெய் ஊற்றினார்கள். முதல் சோறு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சாம்பாருக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தான்.

"பாவம், அந்த ஜனங்களும் கஷ்டப்படுறவங்க. தை அறுப்பு முடியற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்" என்று தாசில்தார் வைத்தியலிங்கத்திடம் சொன்னார். "அப்பறம் மேட்டக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு போட்டுர்றேன்."

"ஐயா பாத்துச் செஞ்சா சரிதான்" என்றார் வைத்தியலிங்கம்.

இராஜாங்கத்தின் கை இலையில் நின்றுவிட்டது. தாசில்தார் அதைக் கவனித்தார்.

"என்ன சார், மூச்சு வாங்க ஓடி வந்தீங்க, ஏதோ சொல்ல வந்தாப்புல இருந்துச்சே?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"ஒன்னுமில்லீங்க" என்றான் இராஜாங்கம். "ரசம் ரொம்ப நல்லாருக்கு."

வைத்தியலிங்கம் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, புலவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.